கவரில் போட்ட பழசு

கெட்டுப்போன கெப்பாசிட்டரைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. நல்லதாக இருந்தால் தலை தட்டையாக இருக்கும். கெட்டது பூரி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும், சிலது வெடித்துப் பழுப்பாகக் கசிந்தும் கிடக்கும். மனிதர்களுக்கும் இப்படி ஓர் அடையாளத்தை ஆண்டவன் வைத்திருந்தால் தணிப்புத் திட்டம் என்ற ஒன்று வந்திருக்காது. நானும் இன்றைக்கு போன் அடிக்கும்போதெல்லாம் யாரோ என்று பயந்து நிற்க வேண்டியிருக்காது.

என் பெயர் மோகனப்பிரியா. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் ஒரு சந்தில் போர்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை இப்போது யாரும் வாங்குவதில்லை. சில கம்பெனிகளில் பழைய எம்பிராய்டரி மிஷினை ஓட்டுகிற டெஸ்க்டாப்பும், சில வீடுகளில் தணிப்புப் பெட்டியும்தான் மிச்சம். அவை அடிக்கடி படுத்துக்கொள்வதால் என் அடுப்பு எரிகிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். வேலையில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. கழற்றிய பழைய உருப்படிகளை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, பின் அடித்து, கஸ்டமர் கையில் கொடுத்துவிடுவேன். மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்கிற கூட்டம் எங்கள் தொழிலில் ஜாஸ்தி. பழசைக் கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இந்த ஊரில் பைக் மெக்கானிக்கிலிருந்து மோட்டார் காயில் கட்டுகிறவர் வரைக்கும் நாணயமானவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

ஜீவிதா ஒரு காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெட்ஷீட்டில் சுற்றிய டெஸ்க்டாப்பை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. பெட்டியை மேஜையில் வைக்கும்போது பார்த்தேன், வலது மணிக்கட்டு நேராக இல்லை. உடைந்து கூடிய எலும்பு. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை, பெட்டியைப் பார்த்ததுமே மற்றது விளங்கிவிட்டது.

வீட்டில் கை நீட்டிக் கேஸான ஆண்களுக்கு அந்தக் காலத்தில் கோர்ட்டில் இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று ஜெயில், இல்லாவிட்டால் தணிப்புத் திட்டத்தின் சில்லு. காதுக்குப் பின்னால் உளுந்து அளவில் ஒரு சில்லைத் தைத்துவிடுவார்கள். வீட்டில் ஒரு பெட்டி இருக்கும். தினமும் மாலை ஏழு மணிக்கு அது சில்லுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். மறுநாள் மாலை வரைக்கும் ஆளுக்குக் கோபம் என்பதே வராது. பள்ளிக்கூடங்களில் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்புகளில் ஒரு கார்டைச் சொருகித்தான் இந்தப் பெட்டியைச் செய்தார்கள். சிக்கனமாம். சில வருடத்தில் திட்டம் நின்றது, பெட்டி செய்த கம்பெனியும் மூடிக்கொண்டது. பெட்டிகளைச் சாகாமல் பார்த்துக்கொள்வது பெண்டாட்டிகளின் தலையில் விழுந்தது. அடி வாங்கியவளே கட்டையையும் துடைத்து வைக்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு.

ஜீவிதாவின் புருஷன் லோகேஸ்வரன் ஒரு காலத்தில் பேர்போன கட்டிங் மாஸ்டர். சில்லு வைத்தபிறகு துணியில் கை நிதானம் போய்விட்டது, தைத்த பனியனில் பிசிறு வெட்டுகிற வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். வீட்டில் சொன்னால் சாப்பிடுவார், சொன்னால் படுப்பார். ஏழெட்டு வருடம் அப்படிப் போனது. இப்போது பெட்டி அடிக்கடி தானாக அணைந்து அணைந்து எரிகிறதாம். அதைவிடப் பெரிய பயம் அவளுக்கு வேறு இருந்தது. கொஞ்ச காலமாகவே அவர் குளிக்கும்போது பாட்டு முனகுகிறார். சாம்பாரில் உப்பில்லை என்கிறார். மறுபடியும் கட்டிங் டேபிளுக்கே போய்விட்டார். போன வாரம் டம்ளரை மேஜையில் ஓங்கி வைத்தார். இவள் ஓடிப்போய்ப் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டாள். அவர் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டாராம்.

"அவரு மொகத்தை நான் பாக்கறதே இல்லீங்கக்கா. கையத்தான் பாத்துட்டிருப்பேன். சாய்ங்காலம் ஏழு மணிக்குள்ள குடுத்துருவீங்கல்ல? ஒரு நாளு தப்புனாக்கூட எனக்கு வூட்டுக்குள்ள போகப் பயமுங்க."

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அவள் மாமியார் வீட்டில் சமாதானம் சொன்னார்களாம். அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் அடி வாங்கிய ஆளாக இருக்க மாட்டான்.

போர்டைக் கழற்றினேன். பிராசஸரைச் சுற்றியிருந்த கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன. கார்டில் சமிக்ஞை அனுப்புகிற பகுதியில் இரண்டு கெப்பாசிட்டர்கள், அவை கசிந்து காய்ந்தே போயிருந்தன. இது என்னக்கா என்று கேட்டாள். அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

"மாடியில தண்ணித்தொட்டி இருக்குதில்ல கண்ணு, அது மாதிரி வெச்சுக்க. மோட்டார் விட்டு விட்டுத்தான் ஓடும். தொட்டி இருக்கறதால கொழாயில சீரா வருது. கெப்பாசிட்டரு கரண்டுக்குத் தொட்டி. உன்ற பொட்டியில அத்தனை தொட்டியும் ஓட்டையாயிருச்சு."

கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, வேலையில் ரோஷமாகவும் இருந்தது. கம்பெனி வைத்ததைவிட ஒரு படி உசத்தியான கெப்பாசிட்டர்களை எடுத்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஓட்டிக் காட்டினேன். பச்சை விளக்கு கண் சிமிட்டாமல் எரிந்தது. பழசைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இன்றைக்குத்தான் தூங்கப்போகிறேன் என்றாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நல்ல மழை. சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒருவர் நனைந்தபடி கடைக்குள் வந்து நின்றார். உயரமான ஆள். காதுக்குப் பின்னால் தழும்பு. சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தது நான் பின் அடித்துக் கொடுத்த அதே கவர்.

லோகேஸ்வரன் என்று தெரிந்ததும் என் வாய் நீளமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கதவுக்கும் எனக்கும் நடுவில் அவர் நின்றார். என் கண் தன்னால் அவர் கைக்குப் போயிற்று. சூடேறிய சால்டரிங் அயர்னை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். கவனித்ததும் ஓர் அடி பின்னால் போய், கதவை விட்டு விலகி, சுவரோரமாக நின்றுகொண்டார்.

நிறுத்தி நிறுத்திப் பேசினார். சமிக்ஞை வந்து ஒரு நாள் முடியப்போகிற சமயத்தில், ஏழு மணிக்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் அவருக்கு மண்டை தெளிகிறதாம். அந்த நேரத்தில்தான் வந்திருக்கிறார். கட்டிங்கில் ஒரு அடுக்குத் துணி பூராவும் பாழாகி, மறுபடியும் பிசிறு வெட்டப் போட்டுவிட்டார்கள் என்றார். துணியில் கை வைத்தால் அது துணி என்றே தெரியவில்லையாம். இந்தப் பழசையே திருப்பி வைத்துக் கொடுங்கள் என்றார்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது.

"ரெண்டு வருசமா எனக்குக் கோவம் வந்துட்டுதானுங்க இருந்துச்சு. வந்தா வெளிய போயி நின்னுக்குவேன். கையி எந்திரிக்கும், நான் எறக்கிருவேன். எறக்குனது நானுங்க, பொட்டி இல்ல. அதையும் இப்பப் பொட்டியே எடுத்துக்கிச்சுங்க."

பெட்டியைக் கொண்டுவந்த ஆள் வந்து சொன்னால்தான் செய்வேன் என்றேன். அவர் தலையாட்டினார். ஜீவிதாவிடம் சொல்லுங்கள், நான் சொன்னால் பயந்துகொள்வாள், அவள் பயப்படுவது நியாயம்தான் என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஏழாகப் போகிறது என்று அவசரமாக மழையில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார். அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளத்தான் போகிறார், தன் காலால். கவர் மேஜையிலேயே இருந்தது.

அவர் போனதும் அயர்னைத் திரும்ப ஸ்டாண்டில் வைத்தேன். பின்பு கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பிராசஸர் பக்கத்து உருப்படிகளில் கொஞ்சம் உயிர் இருந்தது. கார்டில் இருந்த இரண்டிலும் ஒன்றுமே இல்லை. கசிந்தது பாசி மாதிரி பச்சை பூத்து, கெட்டியாகிக் கிடந்தது. அப்படி ஆக வருடக்கணக்காகும். பச்சை விளக்குக்குக் கரண்ட் வேறு வழியில் போவதால் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஏழு மணிக்கு அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு வருடமாக எதுவுமே கிளம்பவில்லை.

மறுநாள் ஜீவிதாவைப் பெட்டியோடு வரச் சொன்னேன். மீட்டரைக் காட்டி, நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப ரெண்டு வருசமா ஒண்ணுமே இல்லாம அவருகூடப் படுத்திருந்தனுங்களா?" என்றாள். பிறகு, "அந்தப் பச்சை லைட்டப் பாத்துட்டுத்தானுங்க தெனமும் கண்ண மூடுவேன். அப்ப பொட்டி அவருக்கு ஓடலீங்க, எனக்குத்தான் ஓடியிருக்குது" என்றாள்.

ஓட்டினால் பாவம், நிறுத்தினால் பயம். புலிவாலைப் பிடித்த கதையாக அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தொழில்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு சுவிட்ச் வைக்கத் தோன்றும். புது கெப்பாசிட்டர்கள் அப்படியே இருக்கட்டும், ஆனால் ஏழு மணி கணக்கு வேண்டாம், சமிக்ஞை போகிற ஒயரில் ஒரு சுவிட்ச் போட்டு, ஒயரை நீட்டி உன் சமையலறைச் சுவரில் வைத்துத் தருகிறேன் என்றேன். எப்போதும் அணைத்து வை. பயம் வந்தால் மட்டும் போடு, போட்ட மாத்திரத்தில் அவர் தணிந்துவிடுவார். அவர் மனிதராக இருக்கலாம், நீயும் தூங்கலாம்.

நானே வீட்டுக்குப் போய் ஒயர் இழுத்துக் கொடுத்தேன். லோகேஸ்வரன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் இருவரும் சுவிட்சைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜட்ஜ் செய்யாததை ஒரு சுவிட்ச் செய்துவிட்டது என்று கண்டவர்களிடமெல்லாம் அளந்துகொண்டு திரிந்தேன்.

ஆடி கழிந்து ஐப்பசி வந்தது. ஜீவிதா ஸ்கூட்டரில் வந்தாள். இவள்தானா அவள் என்று இருந்தது. முகத்தில் தெளிச்சி, பேச்சில் ஒரு துடுக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த லோகேஸ்வரன் இறங்கிப் பெட்டியைத் தூக்கிவந்து மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டதும் மழையாகக் கொட்டினாள். முதல் மாதம் சுவிட்சைத் தொடவே இல்லையாம். அப்புறம் ஒரு நாள் அவர் தம்பியோடு போனில் சத்தம் போட்டார், சுவிட்சைப் போட்டாள். அப்புறம் இவள் தங்கச்சி கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார், போட்டாள். சாம்பார் விஷயத்தில் போடவே வேண்டியிருக்கவில்லை, சுவிட்சைத் திரும்பிப் பார்த்தாளாம், அவர் தட்டைக் காலி செய்துவிட்டார். இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு. கட்டிங் வேலையை அவரே விட்டுவிட்டாராம். எப்போது கை நிதானம் போகும் என்று தெரியாமல் கத்தியைப் பிடிக்கப் பயமாக இருக்கிறதாம்.

"போன வாரம் பாட்டுங்கக்கா. எந்நேரமும் முனகிட்டே இருந்தாரு, டிவி சத்தமே கேக்கலீங்க. சும்மா சுவிட்ச்சுகிட்ட போயி நின்னேன், நிறுத்திட்டாரு."

வந்த விஷயத்தைச் சொன்னாள். சுவிட்சை போனில் வருகிற மாதிரி மாற்ற வேண்டும். பகலில் இவள் கம்பெனிக்குப் போய்விடுகிறாள், அவர் வீட்டில் தனியாக இருக்கிறார், என்ன செய்கிறார் என்று யாருக்குத் தெரியும் என்றாள்.

நான் லோகேஸ்வரனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜீவிதா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. கை போன் பக்கம் போனால் அவர் ஓர் அடி பின்னால் போனார். இதே பார்வையை ஜீவிதா எனக்கு வார்த்தையில் சொல்லியிருக்கிறாள், இதே மேஜைக்கு முன்னால் நின்று.

ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். தீபாவளிக்குத் துணி பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பினாள். அவரை இங்கேயே இருக்கச் சொன்னாள், அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்கூட்டர் சத்தம் சந்து முனை திரும்பியது.

"அந்தப் பழசு இருக்குதுங்களா?" என்றார்.

இருந்தது. டிராயரில், அதே கவரில். காய்ந்துபோன அந்த இரண்டையும் கார்டில் திருப்பி வைத்தால் விளக்கு எரியும், போனில் சுவிட்சும் வேலை செய்யும், ஆனால் சமிக்ஞை போகாது. அவர் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்காமலே இருவருக்கும் தெரிந்திருந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஜீவிதாவிடம் எடுத்துப் பேசியிருக்கலாம். பேசினால், இதைச் செய்துகொடுக்கிற வேறு கடைக்குப் போயிருப்பாள், சுவிட்ச் வைக்கிற புத்தியை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. அவளுடைய வளைந்த மணிக்கட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு வீட்டில் இரண்டு பேரில் யார் பயப்பட வேண்டும் என்று முடிவு செய்ய நான் யார்? பயந்துகொண்டேதான் செய்தேன். ஈயம் இரண்டு தடவை வேறு இடத்தில் விழுந்தது. அவர் எழுந்து வந்து, போர்டு நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

நல்ல கெப்பாசிட்டர்கள் இரண்டையும் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டேன். சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.

ஜீவிதா பைகளோடு வந்தாள். ஓட்டிப் பார்க்கட்டுமா என்று போனை எடுத்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த நொடியில் லோகேஸ்வரன் மாறினார். தோள் இரண்டும் தொய்ந்தன. வாய் லேசாகத் திறந்துகொண்டது. கண் இருந்த இடத்திலேயே நின்றது, அதற்குள் ஆள் இல்லை. மழையில் வந்து சுவரோரமாக நின்று நிறுத்தி நிறுத்திப் பேசிய மனிதர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வா என்றதும் எழுந்தார், தூக்கு என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

சமிக்ஞை ஒன்றும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். செய்தவள் நான். இத்தனை கச்சிதமாக நடிக்கத் தெரிந்த ஒருவர், அன்றைக்கு மழையில் வந்து, கையை இறக்கியது நான்தான் என்று என்னிடம் சொன்னாரே, அதுவும் நடிப்புதானா?

"இந்தத் தடவை பழசு கவருல போட்டுத் தரலீங்களாக்கா?" என்று ஜீவிதா கேட்டாள்.

"ஒண்ணும் மாத்தலியே கண்ணு," என்றேன். உள்ளங்கையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்ப்பார் என்று வாசலில் நின்றேன். பார்க்கவில்லை. அன்றிலிருந்து போன் அடித்தால் முதலில் பெயரைப் பார்க்கிறேன். ஜீவிதா இல்லை என்று தெரிந்தபிறகுதான் எடுக்கிறேன்.